லேபிள் கழுவிய முப்பத்தேழு இசைத்தட்டுகள்

போன வாரம் நவி மும்பை ஐரோலியில், அலுவலகக் கேன்டீனில் இட்லிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். யாரோ புண்ணியவான் ஒலிபெருக்கியில் ஜாஸ் போட்டிருந்தார். டிரம்பெட்காரர் முதல் மூச்சை எடுத்ததுமே "பன்னிரண்டு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். எனக்கு முன்னால் நின்ற, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண், பன்னிரண்டு இட்லியா என்பதுபோல் திரும்பிப் பார்த்தாள். பாட்டைத்தான் சொல்கிறேன் என்று புரிந்ததும் செல்போனைத் தூக்கிப் பிடித்தாள். நான்கு விநாடியில் வாசித்தவர் பெயர், கூட வாசித்தவர்கள், ஆண்டு, அட்டைப்படம் எல்லாம் திரைக்கு வந்துவிட்டன. "இதோ மேடம்" என்றாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்த ஒரு பெயர் என் கைக்கு வர ஒன்பது வருடம் ஆனது என்று அவளிடம் சொல்லத் தொடங்கினால் இட்லி ஆறிவிடும். உங்களிடம் சொல்லலாம்.

எங்கள் வீடு அப்போது தாராவியில். அம்மா பிளாஸ்டிக் தரம் பிரிக்கும் கிடங்கில் வேலை பார்த்தாள். வாளி, குழாய், எண்ணெய் கேன், உடைந்த பொம்மை எல்லாம் மூட்டையாக வந்து இறங்கும். எது எந்த வகை என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். அதற்கு அம்மாவிடம் மூன்று சோதனைகள் இருந்தன. விரல் நகத்தால் தட்டிக் கேட்பது, வளைத்துப் பார்ப்பது, அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் ஓரத்தைக் கொளுத்தி முகர்வது. பெரும்பாலும் முதல் சோதனையே போதும். அந்தச் சந்தில் ஆறேழு கிடங்குகள். காலையில் வேலை தொடங்கும்போது அத்தனை பெண்களும் தட்டுகிற சத்தம் கேட்கும். இன்று எனக்கு ஐரோலியில் சம்பளம் தருவது, இயந்திரங்களின் அதிர்வை அளந்து எந்த பேரிங் எப்போது கெடும் என்று சொல்வதற்காக. அம்மா நகத்தால் செய்ததை நான் விலை உயர்ந்த கருவியால் செய்கிறேன், அவ்வளவுதான்.

பிவிசி என்கிற பிளாஸ்டிக் எரிந்தால் ஒரு காரமான வாடை வரும். மூக்கில் ஏறித் தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். இசைத்தட்டும் அதே சரக்குதான். அதனால் இன்றைக்கும் தெருவில் எங்காவது ஒயர் கருகினால் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்; எனக்குச் சாக்ஸபோன் கேட்கும்.

பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருடம், பழைய சாமானோடு வந்த ஒரு ரெகார்டு பிளேயரைப் பிரித்துச் சரி செய்திருந்தேன். என் வாழ்க்கையின் முதல் ரிப்பேர். பிளேயர் சுற்றியது, ஆனால் போடுவதற்குத் தட்டு ஒன்றும் இல்லை. அது அம்மாவின் மனதில் இருந்திருக்கிறது. சில வாரத்தில் மாஹிமில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தபோது ஒரு சாக்கு நிறைய இசைத்தட்டுகள் கிடங்குக்கு வந்தன. அவற்றின் உறை அட்டைகளை அதற்குள் அட்டை வாங்குகிறவர் கொண்டுபோய்விட்டார். தட்டுகளை முதலாளியிடம் கேட்டு அம்மா வாங்கிக்கொண்டாள்.

இங்கே ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டும். அரைக்கப் போகிற பிளாஸ்டிக்கில் காகிதம் ஒட்டியிருந்தால் அது மட்டமான சரக்கு. இசைத்தட்டு வந்தால் நடுவில் லேபிள் இருக்கும் வட்டத்தை உளியால் தட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை அரைப்பார்கள். மகளுக்கான தட்டை உடைக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. காகிதத்தோடு கொடுக்கவும் மனம் வரவில்லை. இரண்டு நாள் சலவைச் சோடா நீரில் ஊறவைத்து, லேபிளை ஒவ்வொன்றாக பிளேடால் சுரண்டி, கழுவித் துடைத்து, நாங்கள் சாப்பிடுகிற தட்டுகளுக்குப் பக்கத்திலேயே அடுக்கி வைத்துவிட்டாள்.

"ஏட்டி, வந்து பாரு. முப்பத்தேழு. ஒரு பொட்டு பேப்பர் கிடையாது. எல்லாம் மொத தரம்."

நான் யோசிக்காமல் கேட்டுவிட்டேன். "யம்மா, நடுவுல பேரு போட்டிருந்திருக்குமே?"

"என்ன பேரு?"

"வாசிச்சவங்க பேரு. பாட்டு பேரு."

அம்மா கையிலிருந்த ஒரு தட்டைத் திருப்பிப் பார்த்தாள். "நான் பேப்பர்னுல்லா நெனச்சேன்" என்றாள். பிறகு வெளியே போய், ஊறவைத்த தொட்டியின் அடியில் கைவிட்டுத் துழாவினாள். கூழ்தான் வந்தது.

அன்றிலிருந்து நான் தட்டு போட்டால் அம்மாவுக்கு வெளியே வேலை வந்துவிடும். கறிவேப்பிலை இல்லை, தண்ணீர் வருகிறதா பார்க்க வேண்டும், யாரிடமோ எதையோ கேட்க வேண்டும். எங்கள் வீடு பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதற்குள் இருந்துகொண்டு ஒரு பாட்டைக் கேட்காமல் தப்பிப்பது சுலபமில்லை. அம்மா அதைச் செய்துகாட்டினாள். ஒரு பக்கத்தைக்கூட முழுதாக உட்கார்ந்து கேட்டதில்லை. அந்தப் பெயர்களை எப்படியாவது திரும்பக் கொண்டுவந்து அவளை உட்கார வைப்பது என்று நான் முடிவு செய்துகொண்டேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

இதற்கிடையில் நானே ஒரு பெரிய பிழை செய்துகொண்டிருந்தேன். பிளேயரின் வேகம் மாற்றும் நெம்புகோல் சிறிய தட்டுக்கான வேகத்திலேயே சிக்கியிருந்தது. அது தெரியாமல் ஒரு மாதம் முழுக்க எல்லாவற்றையும் ஓட்ட ஓட்டமாகக் கேட்டேன். ஜாஸ் என்றால் இப்படித்தான் மூச்சு வாங்கும் போலிருக்கிறது என்று கல்லூரியில் ஒரு தோழிக்கு விளக்கம் வேறு கொடுத்தேன். பக்கத்து வீட்டு ஞானம் சித்தி மட்டும் சரியாகக் கேட்டாள்: "ஏளா, ஒங்க வீட்ல பேண்டுக்காரங்க சண்ட போடுதாங்களா?" ஒருநாள் எண்ணெய் விட்டு நெம்புகோலைத் தள்ளினேன். அதுவரை கொசுவாக இருந்த சாக்ஸபோன் மெல்ல இறங்கி வந்து ஒரு மனிதனாக நின்றது. சர்ச் பாடகர் குழுவில் சொன்ன இடத்தில் சொன்ன சுரத்தைப் பாடி வளர்ந்தவள் நான். இந்த மனிதன் சுரத்தின் வாசல்வரை வந்து, கதவைத் தட்டாமல், பக்கத்து ஜன்னல் வழியாக உள்ளே போனான். அன்றைக்குப் பிடித்தது.

பெயர் இல்லாததால் எண் கொடுத்தேன். ஒரு நீள நோட்டில் ஆறு கட்டம் போட்டேன்: எண், பக்கம், ஓடும் நேரம், என்னென்ன கருவி, கீறல் எங்கே. ஆறாவது கட்டம் கிடங்குப் பழக்கம். வாளியைக் கவிழ்த்தால் அடியில் அச்சு எண் இருக்குமில்லையா, அதுபோல் இந்தத் தட்டுகளிலும், பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் இடத்து வழவழப்பான வளையத்தில், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிகிற பொடி எழுத்துகள் இருந்தன. எதற்கு என்று தெரியாமலே அத்தனையையும் எழுதி வைத்தேன். கட்டம் போட்டால் நிரப்பாமல் விட எனக்கு வராது.

பெயர் தெரியாமல் கேட்டதில் ஒரு லாபம் உண்டு. பெரிய ஆள் என்பதற்காக ஒரு தட்டையும் நான் பொறுத்துக்கொண்டதில்லை. சின்ன ஆள் என்று எதையும் தள்ளியதுமில்லை. வீட்டருகே ரயில் போகும்போது பாட்டுச் சத்தம் அமுங்கிவிடும், ரயில் போனதும் கீழ்ச்சுரம் வாசிக்கிற பாஸ் வாத்தியம் முதலில் தலைகாட்டும். அப்படித்தான் கீழே நடப்பதைக் கேட்கப் பழகினேன். பன்னிரண்டில் டிரம்பெட்காரர் ஒவ்வொரு வரிக்கு முன்னும் கொஞ்சம் பிந்தி மூச்சு எடுப்பார். நான்கிலும் முப்பதிலும் அதே மூச்சு. நோட்டில் "4 = 12 = 30?" என்று எழுதினேன். இருபத்து மூன்று பியானோவும் பாஸும் மட்டும். நடுவில் யாரோ சிரிப்பார்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு என் குழுவில் சுந்தர் இருந்தான். மூன்று தலைமுறையாக மாட்டுங்காவில் இருக்கும் குடும்பம். ஞாயிறு பிற்பகலில் அவன் வீட்டில் நாலைந்து ஜாஸ் ரசிகர்கள் தட்டுகளோடு கூடுவார்கள். என்னையும் அழைத்தான். பன்னிரண்டாம் எண்ணையும் நோட்டையும் துணியில் சுற்றி, டாக்சியில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

"என்னங்க இது, நடுவுல மொட்டையா இருக்கு?" என்றான் சுந்தர்.

"லேபிளக் கழுவிட்டாங்க. எங்கம்மா."

"ரெகார்டையா? தோசைக்கல்லுன்னு நெனைச்சுட்டாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். தாடி வைத்த ஒருவர், தன் சட்டைக் காலரையும் ஆன்ட்டியிடம் அனுப்பலாமா என்று ஹிந்தியில் கேட்டார். நானும் கூடச் சிரித்தேன். இதை எழுதும்போதும் அது உறுத்துகிறது.

சுந்தர் சமாதானமாகச் சொல்கிறவன்போல, "பேரே தெரியாததைக் கலெக்‌ஷன்னு எப்படிங்க சொல்றது?" என்றான். நோட்டைக் கொடுத்தேன். புரட்டிக்கொண்டே வந்தவன் ஆறாவது கட்டத்தில் நின்றான்.

"இந்த நம்பரெல்லாம் எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"தட்டுலயே இருக்கு."

"முப்பத்தேழுக்கும் எழுதியிருக்கீங்களா?"

"முப்பத்தாறுக்கு முழுசா. ஒண்ணுக்குப் பாதி."

அவன் காபி டம்ளரைக் கீழே வைத்தான். தட்டு அடிக்கும் அச்சில் பொறிக்கிற எண் அது. ஒரு பதிவின் இந்தப் பக்கத்துக்கு இந்த எண் என்று உண்டு. "லேபிள் மாறி ஒட்டியிருக்கலாங்க. இது மாறாது" என்றான். லேப்டாப்பைத் திறந்தார்கள். பன்னிரண்டு முதலில் வந்தது. பிறகு நான்கு. முப்பது வந்தபோது மூன்றிலும் டிரம்பெட் ஒரே ஆள். நான் பேனாவை எடுத்து என் கேள்விக்குறியை அடித்தேன்.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"காதுக்குத் தெரியும்."

அதற்குள் தாடிக்காரர் பன்னிரண்டை விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் அத்தனை பிளேடு ஓடியும் பாட்டு இருக்கும் இடத்தில் ஒரு கோடு விழவில்லை. பூஞ்சை பிடித்த தன்னுடைய தட்டுகளை என் அம்மா பார்த்துத் தருவாரா என்று இந்த முறை சிரிக்காமல் கேட்டார். "அவங்ககிட்டயே வந்து கேளுங்க" என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு நிமிர்ந்து நான் ஒரு சோபாவில் உட்கார்ந்ததில்லை.

மிச்ச எண்களையும் தேடி முடித்து வீட்டுக்கு வந்தபோது அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா, பேரு கெடச்சிட்டு."

"எல்லாத்துக்குமா?"

"முப்பத்தாறுக்கு."

பெயர்களைப் படித்துக்காட்டினேன். ஒவ்வொன்றையும் வாயில் போட்டு மென்று பார்த்து, "இப்படியெல்லாமா பிள்ளைக்குப் பேரு வைப்பாங்க?" என்று சிரித்தாள். பிறகு, "அந்த ஒண்ணு?" என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாம். "பிளேடு நழுவியிருக்கும்மா. நம்பர் பாதிதான் தெரியுது."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். "போடு அத."

இருபத்து மூன்றைப் போட்டேன். கறிவேப்பிலை தீரவில்லை, தண்ணீர் வரவில்லை. சுவரில் சாய்ந்து முழுப் பக்கத்தையும் கேட்டாள். நடுவில் அந்த ஆள் சிரித்தபோது அவளும் சிரித்தாள். முடிந்ததும் தட்டை வாங்கி ஓரத்தில் நகத்தால் ஒரு முறை தட்டினாள். "நல்ல சரக்குளா" என்றாள். "இவனுக்குப் பேரு தெரியாட்டா என்ன, நம்ம வீட்டுல வளந்தவன்."

இன்று தட்டுகள் நூற்று நாற்பதுக்கு மேல். பிறகு வாங்கிய எல்லாவற்றுக்கும் லேபிள் இருக்கிறது. யாராவது வந்தால் நான் முதலில் காட்டுவது அந்த மொட்டைத் தட்டுகளைத்தான். தாடிக்காரரின் தட்டுகளை அம்மா கழுவிக் கொடுத்தாள், லேபிள் நனையாமல். இப்போது என்னோடு ஐரோலியில் இருக்கிறாள். கடைக்குப் போனால் வாங்கப் போகிற டப்பாவைத் தட்டிப் பார்த்துக் கடைக்காரரைக் கலங்கடிக்கிறாள்.

தாராவியில் அந்தக் கிடங்குச் சந்து இப்போது இல்லை. தகர வேலி போட்டு மறைத்திருக்கிறார்கள். கிடங்குகள் திசைக்கொன்றாகப் போய்விட்டன. தொட்டி போயிற்று, முதலாளி போனார், ஞானம் சித்தி மகனோடு கல்யாணுக்குப் போனாள். அதெல்லாம் போகட்டும். காலையில் அத்தனை நகங்களும் ஒன்றாகத் தட்டத் தொடங்குமே, ஒருத்தி முந்தி, ஒருத்தி பிந்தி, மூட்டை சரிகிற சத்தம் நடுவில், யாரோ சிரிப்பது வேறு. அதற்கு ஈடான தாளத்தை என் நூற்று நாற்பதில் நான் கேட்டதில்லை. அந்தச் சந்து இருந்தபோதே, வேலைக்காகத் தந்த, பதிவு செய்கிற கருவி என்னிடம் இருந்தது. சத்தம் தினமும் இருந்ததால் பதிவு செய்யத் தோன்றவில்லை.

பழைய நோட்டில் முப்பத்தேழுக்குக் கீழே போன வாரம் ஒரு வரி சேர்த்தேன்.

38. கிடங்குச் சந்து, காலை. ஓடும் நேரம்: அளக்கவில்லை. கருவி: விரல் நகம். கீறல்: இல்லை. பொறிப்பு: இல்லை. தட்டு: இல்லை.