மிளகாய் நெடிச் சுவர்

ஜொகூர் பாருவின் பழைய கடைத்தெருவுக்கு உயிர் கொடுக்கிறார்களாம். முகப்புகளுக்கு வெளிர்பச்சைச் சாயம் பூசினால் தெரு பிழைத்துக்கொள்ளுமாம். மழைக்கு ஒரு காப்பிக்கடையில் ஒதுங்கினேன். நுழைந்ததுமே தும்மல் வந்தது. அப்பா மசாலா மில் வைத்திருந்த அதே கடை.

மேல்மாடியில்தான் குடியிருந்தோம். தரையில் ஒரு பலகையைத் தூக்கினால் கீழே கடை தெரியும். அந்த ஓட்டை வழியாகத்தான் அம்மா அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடுவார், அதன் வழியாகத்தான் நெடியும் ஏறி வரும், வருகிற தும்மலை வைத்தே கீழே அரைபடுவது மல்லியா மிளகாயா என்று நானும் தங்கையும் சொல்லிவிடுவோம், மில் நின்ற பிறகும் உள்ளங்காலில் அதன் அதிர்வு கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும். கட்டடம் கைமாறியதும் ஊருக்கு வெளியே மாசாய் பக்கம் குடிபோய்விட்டோம். இப்போது அந்த ஓட்டைக்குக் கண்ணாடி பதித்து, விளக்குப் போட்டிருந்தார்கள்.

காப்பி கொண்டுவந்த பெண், நான் தும்முவதைப் பார்த்துச் சங்கடப்பட்டாள்.

“சாரி அங்கிள், மழை பெஞ்சா இந்தச் சுவத்துலேர்ந்து ஒரே நெடி லா. எத்தன தடவ பெயிண்ட் அடிச்சும் போகல. அடுத்த வாரம் கொத்திட்டு புதுசா பூசிருவாங்க.”

“நல்லதும்மா” என்றேன்.

அவள் போனதும் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். மழை விட்டுவிடக் கூடாதே என்றிருந்தது.