காதர் அண்ணன் வறுத்த காய்கறி

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சுங்கை சோவிலிருந்து கிளம்பினேன். என் கார் பட்டறையில் கிடந்ததால் வாடகைக் கார். கோலசிலாங்கூர் வரை கட்டணம் எழுபது வெள்ளி. அங்கே என் பள்ளித் தோழி சபியா இருக்கிறாள். அவள் கணவர் காதர் அண்ணன் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர். இருதய அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார்.

முந்தின நாள் சபியா போனில் அழுதாள். "அவிச்ச காய வச்சா தட்டத் தள்ளிடுறாரு. கடைக்குப் பின்னால நின்னு ஆட்டுக்கறி தின்னத நானே பாத்தேன். அன்னிலேருந்து ரெண்டு பேருக்கும் பேச்சில்ல. நீ ஓவன்ல மசாலாப் போட்டு காய் வறுப்பியே, அத வந்து செஞ்சி குடு புள்ள."

எனக்குச் சர்க்கரை வந்த பிறகு பழகிக்கொண்ட பதார்த்தம் அது.

பத்தாங் பெர்ஜுந்தை தாண்டியதும் சாலையின் இருபுறமும் எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டம். ஓட்டுநர், கெர்லிங் ஊர்ப்பக்கத் தோட்டத்தில் பிறந்தவர். "முந்தி ரப்பரு, இப்ப செம்பனை, அடுத்தது வீடுதான் லா," என்றார். பிறகு என் மடியிலிருந்த மசாலா டப்பாவைப் பார்த்து, "விருந்தா?" என்று கேட்டார்.

"நோயாளிக்கு."

"அப்ப உப்பு இருக்காது," என்று மெய்யாகவே வருத்தப்பட்டார்.

ஒன்பதரைக்குக் கோலசிலாங்கூர். சந்தையில் பூசணி, காலிஃபிளவர், கேரட், கத்திரிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஆற்றுக்கு அக்கரையில் மீனவர் கிராமமான பாசிர் பெனம்பாங். தினமும் அங்கே போய் மீன் எடுத்துவந்தவர் அண்ணன். இப்போது கடையாள் போகிறார். அண்ணன் சன்னலோர நாற்காலியில் இளைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தங்கச்சி. எனக்குப் பத்தியம் போட வந்தீங்களா?" என்றார்.

காய்களை நறுக்கி, இரண்டு கரண்டி எண்ணெயும் மஞ்சள், மிளகாய், சீரகத் தூள்களும் போட்டுப் பிசறி, ஓவனில் இருநூறு டிகிரியில் வைத்தேன். அரை மணி கழித்துத் திறந்தால் தட்டெல்லாம் தண்ணீர். பூசணி குழைந்து கிடந்தது. எங்கள் வீட்டில் இருவருக்கு மட்டுமே செய்து பழக்கம். அன்று அள்ளிக் குவித்துவிட்டேன். சபியாவின் முகம் விழுந்துவிட்டது.

அண்ணன் எழுந்துவந்து எட்டிப் பார்த்தார். "இவ்வளவையும் நெருக்கிப் போட்டா எங்க வறுபடும்? அவிஞ்சிதான் போவும். மசாலாவும் பச்ச வாடை அடிக்குது. மிச்சக் காய் இருக்கா?"

இருந்தது. மல்லி, பெருஞ்சீரகம், சீரகம், மிளகை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை அவரே வறுத்தார். இடிக்கப் போனபோது சபியா உலக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நெஞ்சுல தையலு இன்னும் ஆறல. குடுங்க இப்படி."

கறி விஷயத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். கொடுத்துவிட்டார். "ரொம்ப நைசா இடிக்காத," என்று மட்டும் சொன்னார்.

இந்த முறை காய்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இரண்டு தட்டில் பரப்பினோம். பாதியில் திருப்பிவிட்டார். ஓரமெல்லாம் சிவந்து வந்ததும் எலுமிச்சை பிழிந்து, கொஞ்சம் சோற்றோடு மூவரும் உட்கார்ந்தோம். அண்ணன் மெதுவாக மென்றார். பிறகு சபியாவைப் பார்க்காமலே சொன்னார்.

"அன்னிக்கு ஆசையில கறி திங்கல. ஆப்பரேசனுக்கு அப்புறம் நாக்குல ஒண்ணும் தெரியல. நாக்கு செத்துட்டா நான் என்னத்த சமைக்கிறது? கறியாவது தெரியுதான்னுதான் பாத்தேன்."

சபியா கையைச் சோற்றிலேயே வைத்திருந்தாள். "தெரிஞ்சிச்சா?"

"இல்ல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

அவர் இன்னொரு துண்டு காலிஃபிளவரை எடுத்தார். வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தார்.

"பெருஞ்சீரகம் லேசா தெரியுது," என்றார்.

சபியா எழுந்து தட்டில் மிச்சமிருந்ததை அவருக்கே வைத்தாள்.

நான்கு மணிக்குக் கிளம்பினேன். அவள் காய்கறியை மருந்தாக நினைத்து என்னைக் கூப்பிட்டாள். நானும் வீட்டில் மருந்தாகத்தான் இத்தனை நாள் விழுங்கிவந்திருக்கிறேன். ருசி இருக்கிறதா என்று ஒரு நாளும் நாக்கைக் கேட்டதில்லை. கார் ஊர் எல்லையைத் தாண்டும் முன்பே சபியாவிடமிருந்து போன் வந்தது.

"தட்டு ஓரத்துல ஒட்டியிருந்தத சொரண்டித் தின்னாரு," என்றாள். "மொளவும் தெரியுதாம் புள்ள."