சி ஷிப்ட் தெரு தூக்கத்தில் பிறந்த கதை

காலை ஒன்பதரைக்கு ராயபுரம் கல்மண்டபத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். திருவொற்றியூருக்கு ஆறு கிலோமீட்டர், இருபது ரூபாய். தண்டையார்பேட்டையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். "சிக்னலு முழிச்சினுதான் கீது, லாரிதான் தூங்கினுகீது" என்றார் ஓட்டுநர். இந்த மாதிரிப் பேச்சுக்காகவே எத்தனை முறை வேண்டுமானாலும் இந்தச் சாலையில் வரலாம்.

பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் வைத்து, நிலம் வாங்கி உண்டாக்கிய நகர் அது. ஷிப்டுக்கு ஒரு தெரு: ஏ, பி, சி. இந்தப் பக்கம் இன்னும் சில நகர்களிலும் அப்படித்தான். ஆலை மூடியாயிற்று, நகராட்சி போய் மாநகராட்சி வந்தாயிற்று, தெருப்பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

சி ஷிப்ட்காரர் ஒருவரின் மகள் பிலோமினா அக்கா டீ கொடுத்துக் கதை சொன்னார். மனைக்குச் சீட்டுக் குலுக்கிய காலையில், இரவு வேலை முடித்த சி ஷிப்ட் ஆட்கள் அத்தனை பேரும் தூங்கிவிட்டார்களாம். இருந்த மனைகளை மற்ற இரண்டு ஷிப்டும் எடுத்துக்கொண்டன. சாயங்காலம் எழுந்துவந்து சண்டை பிடித்தவர்களுக்கு, விளையாட்டுத் திடலுக்கு விட்டிருந்த இடத்தைப் பிரித்துக் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். வரைபடத்தைத் திருத்த யாருக்கும் தோன்றவில்லை. "எங்கப்பா தூங்குன தூக்கத்துல பொறந்த தெரு சார் இது" என்று சிரித்தார்.

பதினொன்றரைக்குச் சங்கக் கட்டடத்தில் பகுதி சபைக் கூட்டம். ஏ, பி தெருக்களுக்குப் பாதாளச் சாக்கடை வந்துவிட்டது. சி தெருவின் பதினாறு வீடுகளுக்கு இன்னும் கழிவுநீர்த் தொட்டிதான். மழை பெய்தால் பொங்கி வழியும். அக்கா மனுவை நீட்டினார். கூட்டத்துக்கு வந்திருந்த இளவயது மாநகராட்சிப் பொறியாளர் நகரின் வரைபடத்தை விரித்தார்.

"இதுல திடல்னுதான் இருக்கு. வீடு எப்படிம்மா வந்துச்சு?"

உண்மையைச் சொன்னால் சாக்கடை இணைப்பு கேட்டவர்களுக்கு ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வரும். அக்கா, தன் கதையை நான் குறித்துவைத்திருந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். நான் மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

பி தெரு முஸ்தபா பாய் எழுந்தார். சி ஷிப்டுக்கு வந்திருக்க வேண்டிய மனைகளில் பாதி அவர் அப்பாவுடைய ஷிப்டுக்குப் போனதுதான். "வூடு எப்டி வந்துச்சுன்னு அப்பால பாரு நைனா. அந்தக் கலீஜ் தண்ணி எங்க தெருவுக்கு வருதே, அதுக்கு இன்னா பண்ணப்போற?"

சிரிப்பு எழுந்தது. வியாழக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லிப் பொறியாளர் மனுவை வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான்.

கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்தார். "நான் சொன்னத எழுதிக்கினீங்களா சார்?"

ஆமாம் என்றேன்.

"எழுதுங்க. எந்த நகருன்னு மட்டும் போடாதீங்க."

மெட்ரோ நிலையத்துக்கு நடந்தே வந்தேன். எவ்வளவு தூரம் என்று எழுதப்போவதில்லை. அக்காவின் பெயரும் பிலோமினா இல்லை.