கடையில் வாங்கிய அப்பா

ஜப்பான்காரன் மலாயாவுக்கு வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் ரயில்வே எனக்கு ஓய்வு கொடுத்தது. நான் கேட்கவில்லை, அவர்களாகவே கொடுத்தார்கள். கூடவே பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸை மாதக் கடைசிக்குள் காலி பண்ணவும் சொன்னார்கள். கட்டைவிரலில் மை தடவிச் சம்பளம் வாங்கி, ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிட்ட பாயிண்ட்ஸ்மேனுக்கு அதற்கு மேல் என்ன மரியாதை?

போக்கிடம் கிள்ளானில் மகள் வீடு. எனக்கும் என் சம்சாரத்துக்கும் பின்பக்கம் ஒரே ஓர் அறை. அதனால் வீட்டில் இருந்ததில் பாதியை, இல்லை, முக்கால்வாசியைக் கழித்தாக வேண்டும்.

கழிக்கிற வேலையில் என் சம்சாரம் சூரப்புலி. நான் சுத்த மோசம். கப்பலில் வந்தபோது கொடுத்த தகரத் தட்டு, ஒற்றைச் செருப்பு, கம்பி மட்டும் மிஞ்சிய குடை, ஊதினால் காற்று மட்டும் வருகிற விசில், எல்லாமே எனக்கு வேண்டும்.

"இந்த விசில வச்சு என்ன பண்ணப் போறீங்க? கிள்ளான்ல கோழிய நிறுத்தப் போறீங்களா?"

"ஒரு ஞாபகத்துக்குடி."

"காலைல பசியாறுனதே ஞாபகம் இல்லாம ரெண்டாவது தடவ வந்து உக்காந்தீங்க. இதுல ஞாபகமாம்!"

விசில் குப்பைக்குப் போனது. செருப்பும் பின்னாலேயே போனது. அவள் கைக்குத் தப்பியவை இரண்டே இரண்டு. இரண்டும் சுவரில் தொங்கியவை.

ஒன்று அவள் அம்மாவின் கண்ணாடி. கித்தாத் தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் வெட்டி மாமியார் தன் காசில் வாங்கிய முதல் பொருள் அது. ரசம் போய்விட்டதால் எட்டிப் பார்த்தால் நமக்கே தேமல் வந்த மாதிரி இருக்கும். மாமியார் பொட்டு வைத்ததும் விரலில் மிஞ்சிய குங்குமத்தைச் சட்டத்தின் ஒரு மூலையில் தேய்ப்பார். அந்தச் சிவப்பு மரத்தில் ஊறிப்போயிருந்தது. மாமியார் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அந்த மூலையில் ஈரத்துணி பட என் சம்சாரம் விட்டதில்லை.

இன்னொன்று என் அப்பாவின் படம். அதைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். அது என் அப்பா இல்லை.

கல்யாணம் பேசியபோது மாமியார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கப்பல்ல வந்த ஆளு. எந்தக் குடும்பம்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கிறது? அப்பா படமாச்சும் இருக்கா?"

நான் நடக்கப் பழகும் முன்பே என் அப்பா செத்துப்போனார். அவர் முகம் எனக்கே தெரியாது. "இருக்கு அத்தை, பெட்டியில இருக்கு" என்றேன். எனக்குப் பெட்டியே கிடையாது.

மறுநாள் கோலாலம்பூரில் ஒரு சீனர் நடத்திய படக்கடைக்குப் போனேன். படம் பிடித்துக்கொண்டு வாங்க வராதவர்களை அவர் ஒரு மூலையில் சாத்தி வைத்திருந்தார். அவர்களில் ஒருவர் தமிழர். தலைப்பாகை, கோட்டு, கடிகாரச் சங்கிலி, கையில் தடி, காலில் பளபளவென்று பூட்ஸ். எங்கள் வம்சத்தில் காலில் ஏதாவது போட்ட முதல் ஆள் நான்தான், அதுவும் ரயில்வே கொடுத்தது.

"இது யாரு?" என்று சீனர் மலாயில் கேட்டார்.

"என் அப்பா."

"ஒரு வருஷமா உன் அப்பா இங்க தூசி தின்கிறார். இப்பத்தான் ஞாபகம் வந்ததா?" என்று திட்டிவிட்டு, இரண்டு வெள்ளிக்குச் சட்டத்தோடு கொடுத்தார்.

மாமியார் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்பா இவ்வளவு லட்சணமா இருக்காரு. நீங்க ஏன் தம்பி இப்படி?"

"நான் அம்மா ஜாடை, அத்தை."

கல்யாணம் நடந்தது. என் சம்சாரம் படத்தை மாட்டி, அதன் கண்ணாடிமேல் பொட்டு வைத்து, மாலை போட்டாள். தீபாவளிக்கு முதல் நாள் படையலுக்கு, "மாமாவுக்கு என்னங்க புடிக்கும்?" என்று பயபக்தியாகக் கேட்டாள். எனக்குப் பிடித்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். ஆட்டுக்கறி, அவித்த முட்டை, நெத்திலிக் கருவாடு, ஒரு புட்டி கள்ளு, இரண்டு சுருட்டு. படத்தில் இருப்பவர் எதையும் தொடமாட்டார். வீணாக்கக் கூடாது என்று மகன்தானே சாப்பிட வேண்டும்? வருஷா வருஷம் கடமையைத் தவறாமல் செய்தேன்.

சாமான் கழிக்க உதவ வந்த மருமகன் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார். "மாமா, வீட்டுக்கார சீனத் தவுக்கே ரொம்பக் கறாரு. சுவத்துல ஆணியே அடிக்கக் கூடாதுன்னான். கெஞ்சிக் கூத்தாடி உங்க அறைக்கு ஒரே ஒரு ஆணிக்கு உத்தரவு வாங்கியிருக்கேன் லா."

தரையில் சாத்தி வைக்கலாம் என்றால், அந்த வீட்டில் நான்கு பேரப்பிள்ளைகள். கண்ணாடி இரண்டு நாள் தாங்காது.

என் சம்சாரம் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "மாமா படம் வரட்டும். அம்மா கண்ணாடிய முடிவெட்டுற அண்ணன் கடைக்குக் கேட்டுக்கிட்டே இருக்காரு. குடுத்துடலாம்."

கடையில் வாங்கிய ஆளுக்காக மாமியார் கண்ணாடி போவதா? சுற்றி வளைத்துப் பேசிப் பார்த்தேன். "அப்பா படம் மங்கிப்போச்சுடி. மூஞ்சியே தெரியல."

"உங்க மூஞ்சியுந்தான் மங்கிப்போச்சு. விட்டுட்டா போறேன்?"

பிறகு கண்ணாடியைக் கழற்றி மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். கையில் ஈரத்துணி. ரசம் போகாத இடமாகத் தேடித் தன் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். துணி அந்தச் சிவப்பு மூலைக்குப் போனது.

"ஏ, அதத் தொடைக்காத!"

"அழுக்கா இருந்தா அந்த அண்ணன் கடையில மாட்டுவாரா?"

"அது எங்க அப்பா இல்ல."

"எது?"

"அந்தப் படம்."

"கள்ளுக்கடைய இவ்வளவு வெள்ளனவே தெறந்துட்டானா?"

எல்லாவற்றையும் சொன்னேன். சீனர் கடை, தூசி, இரண்டு வெள்ளி. அவள் துணியைக் கீழே வைத்தாள். இந்தப் பக்கம் ஏதாவது பறந்து வரும் என்று நான் கதவோரமாக நகர்ந்து நின்றேன்.

"அப்ப இவரு யாரு?"

"தெரியாது."

"ரெண்டு வெள்ளி, சட்டத்தோடயா?"

"சட்டத்தோட."

"பெரியவளுக்குக் காய்ச்சல் கண்டப்ப இவருகிட்டதானே விழுந்து வேண்டிக்கிட்டேன்? பொழச்சாளே?"

"பொழச்சா."

"அப்ப உங்க சொந்த அப்பா எங்க போயிருந்தாரு?"

"அவருக்கு நீ எல போடலையே" என்றேன். இந்த வாய்தான் எனக்கு எதிரி.

"சுருட்டு யாருக்கு?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"வருசா வருசம் நான் கறி ஆக்கி, எலைக்கு முன்னால கண்ண மூடிக் கும்பிட்டுக்கிட்டு நின்னேன். நீங்க பின்னால நின்னுக்கிட்டு வயித்தத் தடவிக்கிட்டு இருந்தீங்க!"

திட்டிக்கொண்டே போனவள் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

"ஏங்க, இந்த மனுசன் உசுரோட இருந்திருந்தா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. படம் வாங்கியபோது அந்த ஆளுக்கு மிஞ்சிப்போனால் நாற்பது வயது. உயிரோடு இருக்கிற மனுஷனுக்கா மாலை போட்டு, பொட்டு வைத்து, படையல் போட்டோம்?

"அவருக்கு ஒரு பொண்டாட்டி இருப்பாளே. அவ தாலிக்கு நான் என்ன பாவம் பண்ணிட்டேன்" என்று எழுந்து, மாலையை உருவினாள். கண்ணாடிச் சட்டத்துக்கு எடுத்து வைத்திருந்த அதே ஈரத்துணியால் படத்தின் பொட்டைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். அதற்குள் மருமகன் உள்ளே வந்து, "என்ன அத்தை, தாத்தாவ ஏன் துடைக்கிறீங்க?" என்றார். "தாத்தாவுக்கு வேர்க்குது" என்றாள்.

மாமியாரின் கண்ணாடி, மெத்தைக்கு நடுவில் இரண்டு சேலை சுற்றி, மருமகனோடு மாட்டு வண்டியில் ஏறியது. அந்தச் சிவப்பு மூலை மேலே இருக்கும்படி அவளே நின்று கட்டினாள்.

படத்தைக் கொளுத்தவும் மனமில்லை, குப்பையில் போடவும் கை வரவில்லை. "எடுத்த எடத்துல கொண்டுபோய்க் குடுங்க" என்றாள். என்னை நம்பி அனுப்பவில்லை, தானும் கூட வந்தாள். கிள்ளான் ரயில் கிளம்புவதற்கு முன்னால் இரண்டு பேரும் படக்கடைக்கு நடந்தோம். பூட்ஸ் போட்ட பெரியவரைத் தோளில் தூக்கிக்கொண்டு, ரயில்வே கொடுத்ததை ரயில்வேயே திரும்ப வாங்கிக்கொண்ட வெறுங்காலோடு நான். வழியில் அறிமுகமான யாரைப் பார்த்தாலும் அவள் முந்தானையால் அவர் முகத்தை மூடினாள். என் முகத்தை யாரும் மூடவில்லை.

கடை அங்கேயே இருந்தது. பழைய சீனர் இல்லை, அவர் மகன் இருந்தார். படத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க அப்பா வேலைதான். நல்ல வேலை. முன்கண்ணாடியில வைக்கிறேன். இவர் யார்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். என் சம்சாரம் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, தனக்குத் தெரிந்த கடைத்தெருப் பாசார் மலாயில் சொன்னாள்.

"என் மாமனார். யாராச்சும் இவரத் தேடி வந்தா குடுத்துடுங்க. இத்தன வருசமா ஒரு வீட்டுல நல்லா வச்சிருந்தாங்கன்னு சொல்லுங்க."

கடைக்காரர் அவரை முன்கண்ணாடியில், வெயில் படாத பக்கமாக நிறுத்தினார். அவள் தெருவில் நின்று நேராக இருக்கிறதா என்று பார்த்தாள். இடது பக்கம் கொஞ்சம் உயர்த்தச் சொன்னாள். கும்பிடப் போன கையைப் பாதியில் இழுத்துக்கொண்டாள், உயிரோடு இருக்கிறவர் ஆயிற்றே.

அந்த நேரம் நான் கேலியாக ஒரு வார்த்தை பேசியிருந்தால் என்னையும் அவர் பக்கத்தில் நிறுத்திவிட்டுத் தனியாக ரயில் ஏறியிருப்பாள்.