கீழ்நோக்கி வளர்ந்த லீக்ஸ்

இது சத்தியமாக நடந்த கதை. ஒரு சொல் கூட்டியிருந்தால் என் நாக்கு அழுகட்டும். சரி, ஒரு சாண் கூட்டியிருக்கிறேன், நாக்கை விட்டுவிடுங்கள்.

சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறவள் அவள். அடுப்படிக்குப் பின்னால், ஆள் காலை நீட்டிப் படுத்தால் பாதம் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும் அளவில் ஒரு மண்தரை. அதில் வெங்காயத்தாளுக்குப் பெரியண்ணன் மாதிரி இருக்கும் லீக்ஸ் பன்னிரண்டு நட்டிருந்தாள். மாடியில் இருந்த நாத்தனாருக்கோ தன் ஸ்கூட்டரை நிறுத்த அந்த இடம் வேண்டும்.

"மழைக்கு முன்னாடி ஒரு சட்டிக்காவது தேறணும். இல்லன்னா சிமெண்ட்தான்" என்று கெடு வைத்தாள். பஸ் ஓட்டும் தம்பி, அதாவது இவள் புருஷன், அக்கா வாயைத் திறக்கும் முன்பே தலையாட்டுகிற ரகம்.

தண்டைச் சுற்றி மண் அணைத்தால் வெள்ளைப் பகுதி நீளும் என்று நாற்று விற்றவர் சொல்லியிருந்தார். வேலை விட்டு வந்ததும் தினமும் அணைத்தாள். ஆனால் செடி குட்டையாகிக்கொண்டே வந்தது. போன மாதம் ஒரு முழம், இந்த மாதம் நாலு விரல். அந்தக் கவலையில் ஒருநாள் காலரைக் கொண்டுபோய்க் கைக்குத் தைத்துவிட்டாள். அந்தக் கைக்குள் கழுத்தை நுழைத்துப் போட ஒட்டகச்சிவிங்கிதான் வரவேண்டும்.

முதல் தூறல் விழுந்த அன்று நாத்தனார் கொத்தனாரோடு இறங்கி வந்தாள்.

"எங்கம்மா உன் லீக்ஸ்? மொட்டை போட்டுக்கிச்சா?"

அவள் ஒன்றைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. புருஷன் மண்வெட்டியோடு வந்து தலையைக் குனிந்துகொண்டான்.

"நீ வேலைக்குப் போனதும் நானும் தினம் மண் அணைச்சேன். அக்கா முன்னாடி உனக்காக வாய்தான் வரல, கையாவது வரட்டும்னு."

தோண்டினான். தோண்டத் தோண்ட வெள்ளை வந்துகொண்டே இருந்தது. மணிக்கட்டுத் தடிமனில், கை நீளத்துக்கு. கொத்தனார் தன் டேப்பை எடுத்து அளந்து பார்த்துவிட்டு, தனக்கு ஒன்று கேட்டார். நாத்தனார் இரண்டை மடியில் கட்டிக்கொண்டு, "ஸ்கூட்டர் நனைஞ்சா காயாதா என்ன?" என்றாள்.

இந்த இடம் வரைக்கும்தான் என்னைச் சொல்லவிட்டார்கள். கேட்டுக்கொண்டிருந்த மூன்று பேரும் அவர்களேதான்.

"அதுல பாதி வெள்ளை என்னோடது" என்றான் புருஷன்.

"நட்டது யாருங்க? தண்ணி ஊத்துனது யாரு?" என்றாள் அவள்.

"நான் கெடு வைக்கலன்னா ரெண்டு பேரும் மண்ணத் தொட்டிருப்பீங்களாடா?" என்று நாத்தனார் எழுந்து நின்றாள்.

"அண்ணி, நீங்க முதல்ல அந்த ரெண்டையும் திருப்பிக் குடுங்க, பேசுவோம்."