மொட்டைத் தலையும் மூன்று நாள் சந்தனமும்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு அந்தச் சந்தனப் பொட்டலத்தைப் பிரித்தேன். நேரத்தில் சந்தேகமில்லை. பிரிப்பதற்குச் சற்று முன்னால் மகளை ஒரு படம் எடுத்தேன். கைப்பேசியில் அந்த நேரம் இன்னும் இருக்கிறது. படத்தில் அவள் தலை உரித்த நுங்கு மாதிரி ஈரமாக, வெளுப்பாக இருக்கிறது. முன்பல் விழுந்த இடம் தெரியச் சிரிக்கிறாள்.

அவளுக்கு எட்டு வயது. இரண்டு வருடம் முன்பு காய்ச்சலில் கிடந்தபோது என் மனைவி மலைக்கோயிலுக்கு வேண்டிக்கொண்ட முடி அது. காணிக்கையைச் செலுத்தியதில் எந்தக் குறையும் இல்லை. மழித்தவர் என் கண்முன்னால் புது பிளேடு மாற்றினார். காதுக்குப் பின்னால் இரண்டு இடத்தில் லேசாகக் கீறியிருந்தது. எட்டு வயதுப் பிள்ளை ஆடாமல் உட்கார்ந்திருந்தால்தான் ஆச்சரியம்.

சந்நிதியில் கொடுத்த சந்தனம் ஒரு சுண்டுவிரல் நுனி அளவு. அது நெற்றிக்குப் போதும், தலைக்குப் போதாது. எங்கள் பக்கத்தில் மொட்டை போட்டால் தலை முழுக்க மஞ்சளாகத்தான் ஊர் திரும்பவேண்டும். வெறும் தலையோடு பஸ் ஏறினால் வேண்டுதல் பாதியில் நின்றதுபோல் பார்ப்பார்கள். அதனால் படியோரம் கூடையில் வைத்து விற்றவரிடம் ஒரு பொட்டலம் வாங்கினேன். உள்ளங்கையில் கொட்டித் தண்ணீர் விட்டுக் குழைத்து, சந்நிதிச் சந்தனத்தையும் அதிலேயே கலந்தேன். கலந்ததும் மொத்தமும் சாமி சந்தனம் ஆகிவிட்டது. பிறகு நடந்ததெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

ஊதுவத்தியையும் தலைவலித் தைலத்தையும் சேர்த்து அரைத்ததுபோல ஒரு வாசனை. தடவும்போதே எனக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று நினைப்பதே தப்பு என்று பேசாமல் தடவினேன். பஸ்ஸில் மகள் குஷியாக இருந்தாள். தன் தலையைத் தட்டிக் காட்டி, "நைனா, இட்லி மாதிரி கீது இல்ல?" என்றாள். "இட்லி இல்லடி, இட்லிப் பானை," என்றாள் என் மனைவி. முன்சீட்டில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

சாயங்காலமே அரிப்பு ஆரம்பித்தது. மொட்டை போட்டால் சூடு கிளம்பும், சந்தனம் அதை இழுத்துக்கொள்ளும் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். மிச்சப் பொட்டலத்திலிருந்து கொஞ்சம் எடுத்துக் குழைத்து மேலும் ஒரு பூச்சுப் போட்டேன். மறுநாள் காலை அவளைக் குளிப்பாட்டும்போது தலையில் தண்ணீர் ஊற்றப் போனேன். மனைவி கையைப் பிடித்தாள்.

"சாமி சந்தனம்ங்க. சாக்கடையில போவ விடலாமா? நாலு பேர் மிதிக்கிற எடம்."

அவள்மேல் பழி போட இதை எழுதவில்லை. எனக்கும் அது சரியென்றே பட்டது. எங்கள் வீட்டில் பிரசாதம் கீழே சிந்தினால் கால் படும்முன் பொறுக்கிச் செம்பருத்தித் தொட்டியில் போடுவோம். தலையில் இருப்பதும் பிரசாதம்தான் என்று ஆனபிறகு வேறு என்ன செய்வது? ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டோம். பழைய வேட்டித் துண்டை நனைத்து, தலையைத் துடைத்து, அந்தத் தண்ணீரிலேயே பிழிந்து, மறுபடி துடைத்தோம். கடைசியில் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினோம். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை. துடைத்தபின் புதுப் பூச்சு.

புதன்கிழமை மாலை கிண்ணத்துத் தண்ணீர் வெறும் மஞ்சளாக இல்லை. அதில் நூல் நூலாக ஏதோ மிதந்தது. தலையில் குருணை மாதிரிக் கொப்புளங்கள், ஒவ்வொன்றின் முனையிலும் வெள்ளை. துணியை முகர்ந்து பார்த்தேன். ஏன் முகர்ந்தேன் என்று தெரியவில்லை. இனிப்பும் புளிப்புமாக, நாள்பட்ட பழக்கூடையின் அடியில் இருந்து வருகிற நாற்றம். அதே துணியால்தான் காலையில் அவள் காதுமடலையும் துடைத்திருந்தேன். கிண்ணத்தை எடுக்கும்போது ஒரு சொட்டு என் மணிக்கட்டில் பட்டது. அந்தச் சொட்டுக்காக ஐந்து நிமிடம் கை கழுவினேன். அவள் தலைக்கு அந்த ஐந்து நிமிடத்தை நான் கொடுக்கவில்லை.

வியாழக்கிழமை காலை அவள் எழுந்தபோது தலையணை உறையும் கூடவே எழுந்தது. இரவில் கசிந்தது காய்ந்து ஒட்டியிருந்தது. நான் அதை மெல்லப் பிரித்தேன். மெல்ல என்றுதான் நினைத்தேன். தேன்நிறப் பொருக்கு உறையோடு வந்தது. அது இருந்த இடத்தில் பச்சைப் புண் மினுமினுத்தது. அவள் சத்தம் போடாமல் அழுதாள். நான் குளியலறைக்கு ஓடி, குழாயைத் திறந்துவிட்டு ஓங்கரித்தேன். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நம்பி வெளியே வந்தேன். வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"நைனா, உனக்கு வாந்தி வருதா? என் தலைய பாத்தா?"

"இல்லம்மா, கேஸு," என்றேன். அவள் தலையாட்டினாள். அதற்குப்பிறகு ஒரு துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். வீட்டுக்குள்ளேயும் எடுக்கவில்லை.

நான் ஆர்.கே.பேட்டை பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளர். பி.எஸ்சி. படித்தவன். இருபது வருடமாகச் சோதனைக்குழாய் கழுவுகிறேன். அன்று சாப்பாட்டுப் பையில் மிச்சப் பொட்டலத்தையும் வைத்து எடுத்துப் போனேன். மதியம் ஆய்வகம் காலியாக இருந்தபோது அதில் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்து, வடிதாள் துண்டு ஒன்றின் நுனியை அதில் தொங்கவிட்டேன். பத்து நிமிடத்தில் பளீரென்ற மஞ்சள் தனியாகப் பிரிந்து தாளில் ஏறியது. கல்யாணச் சமையலில் கேசரிக்குப் போடுகிற மஞ்சள் மாதிரி. அடியில் நின்ற பொடியில் இரண்டு சொட்டு அமிலம் விட்டேன். நுரைத்துக்கொண்டு பொங்கியது. சுண்ணாம்புக்கல் பொடி. சாயம், சுண்ணாம்புக்கல் பொடி, வாசனை எண்ணெய். சந்தனமரம் அதன் பக்கம்கூடப் போனதில்லை.

இங்கே நான் செய்திருக்கவேண்டியது, மகளைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போவது. படித்தவன், கண்ணால் சோதித்துப் பார்த்தவன் அதைத்தான் செய்திருக்கவேண்டும். நான் வேறு ஒன்றைச் செய்தேன்.

பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்தச் சாயம் அவள் தலைக்குள் ஊறிக்கொண்டிருப்பதாகவே நினைத்தேன். அதை வெளியே எடுக்கவேண்டும், கடைசிச் சொட்டுவரை. இனி அது பிரசாதம் இல்லை, சாக்கடையில் போகட்டும். வீட்டுக்கு வந்ததும் அவளைக் குழாயடியில் உட்கார வைத்தேன். சிவப்புச் சோப்பு, பீர்க்கங்காய் நார். ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாயைச் சுத்தமாகக் கழுவினோமா என்று பார்க்க விரலால் தேய்ப்போம். கீச்சென்று சத்தம் வந்தால் சுத்தம். என் விரல் அதையே தேடியது. "போதும் நைனா," என்றாள் மகள். பிறகு, "போதும்ங்க நைனா," என்றாள். என்னிடம் அவள் மரியாதை போட்டுப் பேசியதே இல்லை. நான் நிறுத்தவில்லை.

மனைவி ஓடி வந்து என் கையிலிருந்து நாரைப் பிடுங்கினாள். "அது இன்னா பீங்கானா, இந்தத் தேய் தேய்ச்சுகினு கீறீங்க? புள்ள தல அது."

அதற்குள் என் விரலடியில் கீச்சென்றது. அந்த ஒரு நொடி எனக்குத் திருப்தியாக இருந்தது என்பதை மறைத்துப் பயனில்லை. பொருக்கெல்லாம் போய்த் தலை சிவப்பாக, வழவழவென்று இருந்தது. அதன்மேல் கிருமிநாசினியை அப்படியே, நீர் கலக்காமல், பஞ்சில் தொட்டு ஒற்றினேன். அவள் போட்ட கூச்சலில் மாடிக்காரர்கள் எட்டிப்பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் தலை முழுக்கத் தெளிந்த நீர் முத்து முத்தாக வியர்வைபோலத் துளிர்த்தது. அது வியர்வை இல்லை.

தோலைப் பற்றி அன்றைக்கே எனக்குத் தெரிந்தவைதான் இவை. மேலே இருப்பது செத்த செல்கள். அவை ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. நடுவில் கொழுப்பு, சாந்து மாதிரி. உள்ளிருக்கும் தண்ணீரை வெளியே விடாமலும் வெளியே இருப்பதை உள்ளே விடாமலும் காப்பது அந்த மெல்லிய கூரைதான். கீழே பிறக்கும் செல் மேலே வந்து உதிர ஒரு மாதம்போல ஆகும். மழிக்கும்போது முடியோடு அந்தக் கூரையிலும் கொஞ்சம் போகிறது; புதுத் தலை என்பது ஓடு பெயர்ந்த வீடு. தோல் லேசான அமிலம். அந்தப் புளிப்புதான் கண்ட கிருமியைத் தங்கவிடாமல் செய்கிறது. சோப்போ காரம். சிவப்பு லிட்மஸைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து நீலமாக்கிக் காட்டுவது ஒவ்வொரு ஜூன் மாதமும் என் வேலை. ஓடு பெயர்ந்த வீட்டின்மேல் சாயச் சேற்றைப் பூசி மூன்று நாள் காயவிட்டேன். அழுகிய தண்ணீரால் துடைத்தேன். பிறகு மிச்சமிருந்த ஓட்டையும் சாந்தையும் நாரால் சுரண்டினேன். அழுக்கைக் கண்டால் எனக்கு வரும் குமட்டல் அடங்கவேண்டும், அவ்வளவுதான் அன்றைக்கு என் மனதில் இருந்தது. பிள்ளையின் வலி அதற்கப்புறம்தான்.

களிம்பு வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் பாய் எனக்குப் பழக்கம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதுவரை தலையில் என்னென்ன வைத்தேன் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் முகம் சுளித்தது.

"ஒரு டியூபு குடுத்துட்டா நீங்களும் போயிடுவீங்க, எனக்கும் வியாபாரம் ஆச்சு சார். கண்ணால பாக்காத புண்ணுக்கு நான் குடுக்கமாட்டேன். நாளைக்கு சாயங்காலம் தோல் டாக்டரம்மா வராங்க. அதுவரைக்கும் புண்ணியமாப் போவுது, ஒண்ணும் வைக்காதீங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் வேறு கடைக்குப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவளுடைய இடது கண் இமை வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. காதுக்குப் பின்னால் நெல்லிக்காய் அளவில் கட்டி. உடம்பு சுட்டது. புண் கண்ணுக்குள் இறங்குகிறதோ, இனி தலையில் முடியே முளைக்காதோ என்று எனக்குள் ஓடியதை மனைவியிடம் சொல்லவில்லை. அவள் என்னிடம் கேட்டேவிட்டாள். "முடி வருமா? பொம்பளப் புள்ளங்க."

சாயங்காலம் ஐந்து மணிக்கே அந்த டாக்டரம்மா வரும் கிளினிக்கில் போய் உட்கார்ந்தோம். மருத்துவர் வாரம் ஒருமுறை சென்னையிலிருந்து ரயிலில் வருபவர். வண்டியை மணவூர் ஸ்டேஷனிலேயே நிறுத்தி வைத்திருப்பதாகச் சீட்டு கொடுக்கிற பெண் சொன்னாள். ஐந்தரை, ஆறு, ஆறரை. மகளின் துண்டில் மஞ்சளாகக் கறை படர்ந்திருந்தது. ஈ ஒன்று அதன்மேல் உட்கார்வதும் நான் விரட்டுவதுமாக இருந்தேன். பெஞ்சில் எங்கள் பக்கத்தில் இருந்த ஒரு தாய் தன் குழந்தையைத் தூக்கி மடியின் மறுபக்கத்தில் வைத்துக்கொண்டு மெல்ல நகர்ந்தாள். எனக்குச் சுருக்கென்றது. குனிந்து பார்த்தேன். எனக்கும் என் மகளுக்கும் நடுவே பெஞ்சில் ஒரு ஜாண் இடம் காலியாக இருந்தது. அதை விட்டு உட்கார்ந்தது நான்தான். அவள் சுவர் ஓரமாக இருந்தாள், நகர இடமில்லை. நகர்ந்து அவளை ஒட்டி உட்கார்ந்தேன். துண்டின் நாற்றம் மூக்கில் ஏறியது. அவள் உடம்பைச் சுருக்கிக்கொண்டாள். "வேணாம் நைனா, உம்மேல ஒட்டிக்கும்," என்றாள்.

ஏழு மணிக்கு மேல்தான் டாக்டரம்மா வந்தார். தோளில் பையோடு, வியர்வையும் ரயில் தூசியும் படிந்த முகத்தோடு நேராக வந்து, கை கழுவிவிட்டு எங்களை உள்ளே அழைத்தார். துண்டை எடுக்க நான் கை நீட்டினேன். மகள் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டாள். டாக்டரம்மா என்னைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு அவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தொடமாட்டேன், நீயே எடுத்துக் காட்டு என்றார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள். பிறகு அவளே துண்டை எடுத்தாள். டாக்டரம்மா முகம் சுளிக்கவில்லை. குனிந்து, விளக்கை வைத்து, காதோரம் வரை பொறுமையாகப் பார்த்தார்.

சீட்டு எழுதிக்கொண்டே எங்களிடம் பேசினார். மாத்திரை ஏழு நாள், நடுவில் நிறுத்தக்கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் சுத்தமான துணியை நனைத்துச் சும்மா தலைமேல் போட்டுவைக்கவேண்டும்; பொருக்கு ஊறித் தானே வரும், பிய்க்கக்கூடாது. அந்தத் துணியை மறுமுறை தொடக்கூடாது. சோப்பு, சந்தனம், கிருமிநாசினி எதுவும் வேண்டாம். கண்ணுக்குள் ஒன்றும் இறங்கவில்லை, இமை நாளை மறுநாள் வடிந்துவிடும். மனைவி முடியைப் பற்றிக் கேட்டாள்.

"வரும்மா. வேர் கீழ இருக்குது, புண்ணு மேலதான் இருக்குது. வந்துடும்."

பிறகு என் மகளைப் பார்த்துத் திரும்பினார்.

"பாப்பா, இனிமே உன் தலைய யார் தொடணும்னாலும் மொதல்ல கைய கழுவணும், அப்புறம் உன்னக் கேக்கணும். நீ சரின்னு சொன்னாத்தான் தொடணும். உங்க நைனாவா இருந்தாலும்."