‘லேடீஸ் பாத்திங்’ என்று பெயர் வைத்த செல்லப்பா அண்ணாச்சி

செல்லப்பா அண்ணாச்சி இன்று காலை போய்விட்டார்.

தென்காசியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். சாரல் தொடங்கிவிட்டால் கேமராவைத் தூக்கிக்கொண்டு குற்றாலத்துக்குக் கிளம்பிவிடுவார்... அருவிக்கு வரும் குடும்பங்களைப் படம் எடுக்க.

எனக்கு இரங்கல் எழுதிப் பழக்கமில்லை. முகநூலில் எழுதி எதுவும் மாறிவிடும் என்ற நம்பிக்கையும் இல்லை. ஆனால் காலையிலிருந்து ஆத்திரம் ஆறவில்லை.

எடுத்த படங்களையெல்லாம் அவர் ஒரு ஆன்லைன் கம்பெனியில் ஏற்றி வைத்திருந்தார், சந்தா கட்டி. ஊர் திரும்பிய குடும்பங்களுக்கு லிங்க் அனுப்புவார். திறந்தால் அவரவர் படங்கள் வரும்.

“வாட்ஸ்அப்புல அனுப்புனா மூஞ்சியெல்லாம் மாவு மாதிரி ஆயிருது டீச்சர். இதுல பாருங்க, தண்ணி தெறிக்கது கூடத் தெரியும்” என்பார். நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். அவருக்கு எல்லாரும் டீச்சர்தான்.

வீட்டில் ஹார்ட் டிஸ்க் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஒரு சாரல் காலத்தில் ஈரம் ஏறிக் கெட்டுப்போனது. அதற்குப் பயந்துதான் இந்தக் கம்பெனியில் சேர்ந்தார்.

போன சீசனில் கம்பெனி அவருடைய கணக்கை மூடியது. காரணம், ஆபாசப் படங்களாம்.

அருவிக்கரையில் ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று போர்டு பார்த்திருப்பீர்கள். இங்கிலீஷில் ‘ஜென்ட்ஸ் பாத்திங்’, ‘லேடீஸ் பாத்திங்’. அண்ணாச்சி அந்தப் போர்டைப் பார்த்து அப்படியே ஃபோல்டர்களுக்குப் பெயர் வைத்துவிட்டார்.

‘ஜென்ட்ஸ் பாத்திங்’கில் இருந்தது, இடுப்பில் துண்டும் உடம்பெல்லாம் எண்ணெயுமாகக் குப்புறப் படுத்திருக்கும் மாமாக்கள்.

‘லேடீஸ் பாத்திங்’கில் குளிக்கிற பெண் ஒருத்திகூடக் கிடையாது. அந்தப் பக்கம் அவர் கேமராவைத் திருப்பவே மாட்டார். குளித்து முடித்து, உலர்ந்த சேலை கட்டி, தலையில் ஈரத்துண்டோடு பஜ்ஜி தின்னும் அத்தைமார்தான் அதில் முழுக்க. என் மதனியும் நானும் உண்டு... ஐந்தருவியில் ஒரு கடை முன்னால், வாய் நிறைய.

இதைத்தான் ஏதோ ஒரு மெஷின் பார்த்து ஆபாசம் என்று முடிவுகட்டியது.

மூடியதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அவர் அனுப்பிய எந்த லிங்க்கைத் திறந்தாலும், ‘ஆபாச உள்ளடக்கம் காரணமாக இந்தக் கணக்கு நீக்கப்பட்டது’ என்று எழுதிப் போட்டார்கள். பண்பொழி மலைக்கோவிலில் அவர் எடுத்த கல்யாணங்களும் அதே கணக்கில்தான் இருந்தன.

செங்கோட்டையிலிருந்து ஒரு பெண்ணின் அப்பா போன் செய்தபோது நான் ஸ்டுடியோவில் இருந்தேன். ஸ்பீக்கரில் கேட்டது: “எம் மவ கல்யாணத்துல என்னவே ஆபாசம்?”

அண்ணாச்சி விளக்கினார். அந்த அப்பா நம்பினாரா, தெரியாது.

டீக்கடையில் கேலி தொடங்கியது. “என்ன அண்ணாச்சி, வேற லைன்லயும் படம் எடுக்கியளாமே... எங்களுக்கும் ஒரு லிங்க் தட்டிவிடுங்க!”

முதலில் அவரும் சேர்ந்து சிரித்தார். அப்புறம் டீக்கு ஃபிளாஸ்க் கொடுத்து அனுப்ப ஆரம்பித்தார்.

கம்பெனிக்கு விளக்கம் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார். “போர்டு வச்சவன் எழுதுனா குளியல், நான் எழுதுனா அசிங்கமா? இத அப்படியே இங்கிலீஷ்ல கேளுங்க டீச்சர்.”

கேட்டேன். அருவி என்றால் என்ன, எண்ணெய்க் குளியல் என்றால் என்ன, அந்தப் போர்டு எங்கே இருக்கிறது... எல்லாம் எழுதி, போர்டையும் படம் எடுத்து இணைத்தேன்.

அனுப்பிவிட்டு நான் நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதற்குள் பதில் வந்துவிட்டது. ‘உங்கள் முறையீட்டைக் கவனமாகப் பரிசீலித்தோம். முடிவில் மாற்றமில்லை.’

யார் பரிசீலித்தது? எந்த மனிதர், எந்த நாற்காலியில் உட்கார்ந்து? திரும்பத் திரும்பக் கேட்டேன். திரும்பத் திரும்ப அதே இரண்டு வரி.

இன்று காலை துக்கம் கேட்கப் போயிருந்தேன். அவர் மகள் உமா என்னைத் தனியே கூப்பிட்டாள். அஞ்சலி போஸ்டருக்குப் படம் வேண்டும். ஊரையே எடுத்தவருக்குத் தன் படம் என்று உருப்படியாக இருந்தது ஒன்றுதான்... உமா கல்யாணத்தில் உதவியாளர் எடுத்தது. அதுவும் அந்தக் கணக்கில்.

அவர் இறந்துவிட்டார், அந்த ஒரு படத்தை மட்டுமாவது தாருங்கள் என்று அவளுக்காக எழுதினேன்.

பதில்: கணக்கின் உரிமையாளர் கேமரா முன் வந்து முகத்தைக் காட்ட வேண்டும். தலையை இடப்பக்கமும் வலப்பக்கமும் மெதுவாகத் திருப்ப வேண்டும்.

உமா அதைப் படித்தாள். பக்கத்து அறையில் ஐஸ் பெட்டி ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“அப்பாட்ட நீங்க சொல்லுதியளா டீச்சர், நான் சொல்லவா?” என்றாள்.

நான் வீடு வந்து சேர்வதற்குள் இன்னொரு மெயில். எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

ஆதார் அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் போஸ்டர் அடித்திருக்கிறார்கள். அவர் என்று அடையாளம் தெரியவில்லை. அப்படிக் கலங்கலாக ஒரு படத்தை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை.

குற்றாலத்தில் அவரிடம் படம் எடுத்துக்கொண்டவர்கள் மதுரையிலும் கோவில்பட்டியிலும் இன்னும் எங்கெங்கோ இருப்பீர்கள். லிங்க்கைத் திறந்து அந்த வரியைப் பார்த்து, சே, இந்த ஆளா என்று நினைத்திருந்தால்... அது பொய். அந்த ஃபோல்டர்களைத் திறந்து பார்த்தவள் சொல்கிறேன்.

உங்கள் படங்களில் எதையாவது இறக்கி வைத்திருந்தால், எந்த மூலையிலாவது அவரும் விழுந்திருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் எனக்கு அனுப்புங்கள். உமாவிடம் சேர்க்கிறேன்.

நாளைக் காலை எடுக்கிறார்கள்.

வருகிறேன், அண்ணாச்சி.